பட்டினி போட்டால் பழகிவிடுமா?

“பசித்தால் தானே தின்னும், விடுங்கள்.” நான்கு வயதாகியும் ஐந்தாறு உணவுகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத குழந்தையின் பெற்றோர் இதைக் கேட்காத இடமில்லை. மாமியார் சொல்கிறார். அங்கன்வாடி ஊழியர் சொல்கிறார். எடை பார்த்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடும் மருத்துவரும் பல நேரம் இதையே சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தம் பிள்ளைகளிடம் அது பலித்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் ஒரு சிறு பகுதிக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது. பொருந்தாத இடத்திலும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பதால் கற்றுக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் கழிந்துபோகின்றன, அந்தக் குழந்தைகளின் உடம்பு நலிகிறது.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். பிறந்த எடை ஒரு வயதுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. ஒன்றரை வயதுக்கு மேல் புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் வந்து போகும் பருவம். இதை அறியாத பெற்றோர் பதறுகிறார்கள், அந்தப் பதற்றத்தைப் பசி சிரப் விற்பவர்களும் சத்துமாவு டின் விற்பவர்களும் காசாக்குகிறார்கள். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினையும் இதையொட்டியதே: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில், எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தை கையில். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். “விடுங்கள்” என்று சொல்பவர் அந்த வீடுகளுக்கு நன்மையே செய்கிறார்.

கருத்து அந்த இடத்தில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அது மேலும் போகிறது. சாப்பிடாவிட்டால் அடம். அடத்துக்குக் காரணம் அம்மா கொடுத்த செல்லம். அடத்தை உடைக்க ஒன்று பட்டினி போட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துப் புகட்ட வேண்டும். எடை இருக்கிறவரை கவலை வேண்டாம். வளர்ந்தால் சரியாகிவிடும். இதற்குப் போய்ச் சிகிச்சை என்பது பணம் பிடுங்கும் வேலை. இவை எல்லாமே ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன: குழந்தையால் முடியும், அது வேண்டுமென்றே மறுக்கிறது. அந்த அனுமானம்தான் தவறு.

இங்கே பேசப்படும் குழந்தைகள் யார் என்பதும் தெளிவாக வேண்டும். கத்தரிக்காயை ஒதுக்கும் குழந்தை இதில் சேராது. உணவு முறை சுருங்கிச் சுருங்கி ஒரு கை விரல்களில் எண்ணக்கூடியதாகி, சத்துக்குறைவோ எடைக் குறைவோ ஏற்பட்டு, அல்லது பள்ளிக்கும் உறவினர் வீட்டுக்கும் போகமுடியாத நிலை வந்துவிட்ட குழந்தைகள் இவர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்த நிலைக்கு ‘அர்ஃபிட்’ என்ற சுருக்கப் பெயரில் தனி இடம் தந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. வீட்டில் உணவில்லாததாலோ நோன்பு போன்ற வழக்கத்தாலோ சாப்பிடாமல் இருப்பது இதில் சேராது என்று விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் கே டூமி நடைமுறையில் ஒரு கோடு போடுகிறார். சாதாரணமாகப் பொறுக்கித் தின்னும் குழந்தையிடம் முப்பது உணவுகளாவது இருக்கும், சலித்து விட்ட உணவுக்குச் சில நாளில் திரும்பி வரும். சிக்கலில் இருக்கும் குழந்தையிடம் இருபதுக்கும் குறைவாகவே இருக்கும், விட்ட உணவு திரும்பி வராது.

1. பசி எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி எடுக்கிறதா?

எடுப்பதில்லை. பயத்தில் இருக்கும் உடம்பில் பசி அடங்குகிறது. பல நாள் மலச்சிக்கலில் இருக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்த உணர்வே எப்போதும் இருக்கிறது. உண்ட உணவு மேலேறி நெஞ்செரியும் குழந்தைக்குச் சாப்பாடு என்றாலே வலி. இரும்புச் சத்தும் துத்தநாகமும் குறைந்தால் பசி மந்தமாகும், பசி மந்தமானால் அவை இன்னும் குறையும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019–21இல், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பசியையே சந்தேகிக்க வேண்டிய மாநிலத்தில் “பசித்தால் தின்னும்” என்பதை எப்படி ஒரு மருத்துவ அறிவுரையாக ஏற்பது?

பாலையும் இங்கே சொல்ல வேண்டும். சோறு தின்னாத குழந்தைக்கு “பாலாவது குடிக்கட்டும்” என்று நாளுக்கு நான்கைந்து டம்ளர் கொடுக்கும் வீடுகள் ஏராளம். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் தடுக்கிறது. வயிறு பாலில் நிறைகிறது, இரத்தம் வெளுக்கிறது, பசி போகிறது. பிறகு அந்தக் குழந்தையின் பசியை நம்பி எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தம் உடம்பின் உள்ளறிகுறிகளை, பசியையும் தாகத்தையும், இனங்காண்பதே சிரமம். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இவர்களுக்கு உணவுச் சிக்கல்கள் மற்றக் குழந்தைகளைப்போல் ஐந்து மடங்கு வருகின்றன. இவர்களைப் பட்டினி போட்டால் பழகுவதற்கு முன் நீர்ச்சத்தும் இரத்தச் சர்க்கரையும் இறங்கிவிடும். சின்ன உடம்பில் சேமிப்பு குறைவு.

பசியைச் சிகிச்சையில் பயன்படுத்துவதே இல்லையா என்று கேட்கலாம். பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், குழாய் வழியே உணவு பெறும் குழந்தைகளை வாய்வழி உணவுக்கு மாற்றும் திட்டத்தில் குழாய் உணவை வேகமாகக் குறைத்துப் பசியைத் தூண்டுகிறார்கள். ஆனால் அது நடப்பது மருத்துவர்களின் தொடர்ந்த கண்காணிப்பில். கூடவே உணவை வைத்து விளையாடும் அமர்வுகளும், குழந்தையின் மறுப்பை மதிக்கும் விதியும் உண்டு. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு “இன்று இதைத் தின்றால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை” என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

2. “உடம்புக்கு எது வேண்டுமென்று உடம்புக்குத் தெரியும்” என்பதற்குச் சான்று எங்கே?

சான்று கேட்டால் பலரும் கைகாட்டுவது கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பரிசோதனையை. 1920களில் தொடங்கி, தாய்ப்பால் மறக்கும் வயதிலிருந்த பதினைந்து குழந்தைகள் முன் உணவுகளை வைத்து, எதைத் தொடுகிறார்களோ அதை மட்டும் கொடுத்தார். செவிலியர் பேசக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, எதையும் முன்னால் தள்ளக்கூடாது. குழந்தைகள் விசித்திரமாகப் பொறுக்கித் தின்றும் நன்றாக வளர்ந்தார்கள்.

ஆனால் அங்கே வைத்திருந்த 34 உணவுகளும் பதப்படுத்தாத இறைச்சி, முட்டை, தானியம், காய், பழம், பால் வகையைச் சேர்ந்தவை. எதை எடுத்தாலும் சத்துதான். இரகசியம் உணவுப் பட்டியலில்தான் இருந்தது என்று டேவிஸே 1939இல் எழுதினார். அந்தக் குழந்தைகள் திட உணவையே அதற்குமுன் சுவைத்திராதவர்கள். புரையேறிய நினைவோ, மூக்கில் குழாய் செருகிய அனுபவமோ, மடியில் கிடத்திப் புகட்டிய பயமோ இல்லாதவர்கள். பிஸ்கட்டும் சிப்ஸும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டில், உணவென்றால் ஓங்கரிக்கும் குழந்தைக்கு இந்த முடிவைப் பொருத்துவது, டேவிஸ் செய்த பரிசோதனையைப் படிக்காமல் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது.

3. சாப்பிடுவது பிறவியிலேயே வருவதா?

முதல் சில மாதங்களுக்கு மட்டும். உறிஞ்சலும் விழுங்கலும் அனிச்சையாக நடப்பது அந்தக் காலத்தில்தான். பிறகு குழந்தை எல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. நாக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி உணவைக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ள வேண்டும், தாடையைச் சுழற்றி மெல்ல வேண்டும், மென்றதைத் திரட்ட வேண்டும், மூச்சை நிறுத்தி விழுங்கிவிட்டு மீண்டும் மூச்சு விட வேண்டும். ஒருமுறை விழுங்குவதற்குச் சுமார் முப்பது தசைகள் வரிசை தவறாமல் இயங்குகின்றன. சுழற்றி மெல்லும் திறன் முழுமையாக வர இரண்டு மூன்று வயதாகிறது.

கற்பதற்குக் காலமும் உண்டு. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைச் சந்தித்த குழந்தைகள் பதினைந்து மாதத்தில் ஊட்டுவதற்குக் கடினமானவர்களாக இருந்தது 2001இல் வெளியானது. ஏழு வயதிலும் அவர்களிடம் அந்த வேறுபாடு தொடர்ந்ததைப் பின்னால் வந்த அறிக்கை காட்டியது. இரண்டு வயதுவரை சோற்றையும் பருப்பையும் மிக்ஸியில் அடித்துக் கொடுக்கும் வீடுகளுக்கு இது நேரடியான எச்சரிக்கை. புரையேறிவிடும் என்ற பயத்தில் செய்கிறார்கள், பயம் நியாயமானது. ஆனால் மெல்லும் வேலையே கிடைக்காத வாய், மூன்று வயதில் திடீரென்று ஒரு சப்பாத்தித் துண்டைக் கண்டு திணறினால் அதை அடம் என்பது எந்த நியாயம்?

நீந்தத் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டு “தண்ணீர் பார்த்தால் தானாக வரும்” என்று யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை.

4. குற்றவாளி அம்மாவா?

ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே சமையல். மூத்தவள் எல்லாம் தின்கிறாள், இளையவன் ஐந்தே உணவில் நிற்கிறான். வளர்ப்புதான் காரணமென்றால் மூத்தவளை வளர்த்தது யார்?

இரட்டையர் ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு எண்களில் விடை தருகின்றன. 2007இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த லூசி குக்கும் ஜேன் வார்டிலும் தம் சகாக்களுடன் எட்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட 5,390 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்தார்கள். புதிய உணவுமீதான அச்சத்தில் குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டின் 78 விழுக்காடு மரபு சார்ந்தது என்று கண்டார்கள். சுவீடன் இரட்டையர்களை வைத்து 2023இல் வெளியான ஆய்வில் அர்ஃபிட் நிலைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு மரபுப் பங்கு வந்தது. மரபு என்றால் மாற்ற முடியாது என்று பொருளில்லை. கிட்டப்பார்வையும் மரபில் வருகிறது, கண்ணாடி போடுகிறோம். ஆனால் “நீ கெடுத்தாய்” என்று தாயை நோக்கி நீளும் விரலுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. அந்தக் குற்றச்சாட்டு வெறும் மனவருத்தத்தோடும் முடிவதில்லை. தன்மேல் பழி விழும் என்று அஞ்சும் தாய் உண்மையான பட்டியலை மருத்துவரிடம் சொல்வதில்லை. “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுவான்” என்கிறாள். நோய் அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது.

குழந்தையின் நாக்கில் என்ன நடக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புலனுணர்வு மிகைப்பட்ட குழந்தைக்கு நம் பிசைந்த குழம்புச் சோறு மிகக் கடினமான உணவுகளில் ஒன்று. ஒரே கவளத்தில் குழைந்த சோறு, ஓடும் குழம்பு, எதிர்பாராமல் பல்லில் அகப்படும் வெந்தயம், வழுக்கும் வெண்டைக்காய். அடுத்த கவளத்தில் என்ன வரும் என்று தெரியாது. அதே குழந்தை சிப்ஸையும் முறுகல் தோசையையும் விரும்புவதற்குக் காரணம், அவை ஒவ்வொரு முறையும் அதே ஒலியோடு, அதே மாதிரி உடைவதுதான். சுவையைவிட உறுதிப்பாட்டைத் தேடும் தேர்வு அது. இதில் வீம்பு எங்கே வந்தது?

5. புகட்டினால் உள்ளே போகிறதே என்பவர்களுக்கு.

உள்ளே போகிறது, சில நேரம் நுரையீரலுக்குள். மடியில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, பாலாடையிலோ சங்கிலோ ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அழுது மூச்சிழுக்கும் நொடியில் ஊற்றப்படுவது மூச்சுக் குழாயில் இறங்கலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் சிலர் அப்படி இறங்கும்போது இருமுவதுகூட இல்லை. அடிக்கடி சளி, அடிக்கடி நிமோனியா என்று மருத்துவமனைக்கு வந்த பிறகே காரணம் பிடிபடுகிறது.

உயிராபத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வற்புறுத்தல் தோற்ற முறையே. 2006இல் ‘அப்பெடைட்’ இதழில் வெளியான ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் “சூப்பைக் குடித்து முடி” என்று சொன்னபோது அவர்கள் குறைவாகக் குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றி அதிகம் குறைசொன்னார்கள். வற்புறுத்தாத நாட்களில் அதிகம் குடித்தார்கள். சிறுவயதில் கட்டாயப்படுத்தித் தின்னவைக்கப்பட்ட கல்லூரி மாணவர்களை 2002இல் விசாரித்தபோது, பெரும்பாலோர் அந்த உணவை இன்றும் தொடுவதில்லை என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு இணையுணவு நெறிகளே மெதுவாக, பொறுமையாக, கட்டாயமின்றி ஊட்டச் சொல்கின்றன.

போனைக் காட்டி ஊட்டுவது வன்முறையில்லைதானே என்பார்கள். திரையில் ஆழ்ந்த குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது. என்ன தின்றது என்று அதற்குத் தெரியாது. அந்த உணவின் நிறமும் மணமும் அதன் நினைவில் பதிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. சார்ஜ் தீர்ந்தால் சாப்பாடும் நின்றுபோகிறது. மூன்று வருடம் ஊட்டிய பிறகும் உணவோடு அறிமுகமே ஆகாத குழந்தை அது.

6. எடை சரியாக இருக்கிறதே?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 2019இல் ஓர் இளைஞனின் வரலாற்றை மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே சில தொடுவுணர்ச்சிகளைத் தாங்காத பையன். அவன் உணவு: பக்கத்துக் கடை உருளைக்கிழங்கு வறுவல், பிரிங்கிள்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய ஹாம், சாசேஜ். பதினான்கு வயதில் களைப்பு என்று மருத்துவரிடம் போனான். உயரமும் எடையும் சரியாக இருந்தன, வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை. இரத்தசோகையும் பி12 குறைவும் தெரிந்து ஊசி போட்டார்கள். அடுத்த ஆண்டு காது மங்கியது, பிறகு கண் மங்கியது. பதினேழு வயதில் பார்வை நரம்பு நிரந்தரமாகப் பழுதுபட்டிருந்தது.

எடைத் தட்டு கலோரியைத்தான் அளக்கும். பி12ஐயும் வைட்டமின் சியையும் அது அளக்காது. நொண்டி நடக்கும், ஈறில் இரத்தம் வடியும் ஆட்டிசக் குழந்தையை எலும்பு மருத்துவரிடமும் மூட்டு மருத்துவரிடமும் அலையவிட்டு, கடைசியில் ஸ்கர்வி என்று கண்டுபிடித்த வரலாறுகள் பல நாட்டு மருத்துவ இதழ்களில் உள்ளன. பழைய கப்பலோட்டிகளின் நோய், பிஸ்கட்டும் பாலும் மட்டும் தின்னும் குழந்தைக்கு இன்றும் வருகிறது. அந்த எல்லா நோயறிதல்களிலும் தாமதத்துக்குக் காரணம், “என்ன சாப்பிடுகிறான்?” என்ற கேள்வி கடைசியில் கேட்கப்பட்டதுதான்.

7. வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பலருக்கு ஆகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 917 குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதன்படி, இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் பொறுக்கித் தின்பவர்கள்; கடுமையான நிலையில் இருந்தவர்கள் மொத்தத்தில் 3 விழுக்காடு. அந்தக் கடுமையான பிரிவில் பதற்றமும் மனச்சோர்வுக் குறிகளும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. அமெரிக்க நோயறி கையேட்டின் முந்தைய பதிப்பில் இந்தக் கோளாறு ஆறு வயதுக்குள் தொடங்குவது என்று வரையறுக்கப்பட்டிருந்தது. 2013இல் அந்த வயது வரம்பையே எடுத்துவிட்டார்கள். பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் அது இருந்ததே காரணம். மூன்று விழுக்காட்டை மற்ற தொண்ணூற்றேழு விழுக்காட்டின் அனுபவத்தால் அளப்பதுதான் இங்கே நடக்கும் பிழை.

8. சிகிச்சையில் அப்படி என்ன செய்துவிடுகிறார்கள்?

முதல் வேலை உணவைக் கொண்டே தொடங்குவதில்லை. குழந்தைநல மருத்துவர் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், ஒவ்வாமை, பெரிதான டான்சில், இரும்புச் சத்து ஆகியவற்றைப் பார்க்கிறார். பேச்சுச் சிகிச்சையாளர் நாக்கு, தாடை, விழுங்கல் எப்படி இயங்குகின்றன என்று கவனிக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் புலனுணர்வையும் உட்காரும் நிலையையும் பார்க்கிறார். கால் தொங்கிக்கொண்டு உடம்பு ஆடும் குழந்தை விழாமல் இருப்பதிலேயே தன் கவனத்தைச் செலவழிக்கிறது. காலுக்கு ஒரு பலகை வைத்தாலோ, முதுகுக்குச் சாய்மானம் தந்தாலோ சில குழந்தைகளிடம் அன்றே மாற்றம் தெரிகிறது. உணவியல் நிபுணர் பட்டியலில் உள்ள ஓட்டைகளை மருந்தால் அடைக்கிறார். உடம்புக்குள் ஆபத்தில்லை என்று ஆன பிறகே பயிற்சிக்கு அவசரமில்லாத நேரம் கிடைக்கிறது.

பிறகு வேளை. இரண்டரை, மூன்று மணிக்கு ஒருமுறை சாப்பாடோ சிற்றுண்டியோ. இடையில் தண்ணீர் மட்டும். வீடு முழுக்கத் தட்டோடு துரத்துவது நிற்கிறது. ஒவ்வொரு வேளையும் குழந்தைக்குப் பழகிய உணவு ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கும். பட்டினி போடச் சொல்பவர்களிடமிருந்து சிகிச்சையாளர் முற்றாகப் பிரியும் இடம் இது.

புதிய உணவைத் தின்னச் சொல்வதில்லை. கே டூமியின் முறையில், உணவு இருக்கும் அறையில் இருப்பதிலிருந்து அதை விழுங்குவது வரை 32 படிகள் இருக்கின்றன. மேசையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது ஒரு படி. கரண்டியால் தள்ளுவது, விரல் நுனியால் தொடுவது, முகர்வது, உதட்டில் ஒற்றுவது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாம் தனித்தனிப் படிகள். துப்புவதற்கென்று பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கும். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் வாயில் வைக்கத் துணிகிறது.

இன்னொரு வழி சங்கிலி. செரி ஃப்ரேக்கர் உள்ளிட்ட அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் 2007இல் புத்தகமாக்கிய முறை அது; பழகிய உணவிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போவது. நம் அடுக்களைக்கு இது நன்றாகவே பொருந்தும். முறுகல் தோசை மட்டும் தின்னும் குழந்தைக்கு அடுத்த படி கீரையில்லை. அதே மாவு, அதே கல், வேறு வடிவம். பிறகு சற்றுத் தடிப்பு. பிறகு ஓரத்தில் இரண்டு சொட்டு நெய். பிறகு மாவில் ஒரு கரண்டி கேழ்வரகு, அதுவும் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒளித்து வைத்துக் கலப்பது பெரிய தவறு. காரட்டை அரைத்துத் தோசை மாவில் மறைத்ததைக் குழந்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அன்றோடு தோசையும் போகும். ஐந்து உணவு நான்காகிவிடும்.

இதன் பலனுக்கு ஆதாரம் உண்டா? மிகக் கடுமையான, குழாய் வழி உணவில் இருந்த குழந்தைகளுக்குப் பல்துறைக் குழுக்கள் அளித்த தீவிரச் சிகிச்சைகளை 2017இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை முடிவில் 71 விழுக்காட்டினர் குழாயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை நடக்கும் வெளிநோயாளர் பயிற்சிகளுக்கு அவ்வளவு வலுவான சான்று இன்னும் சேரவில்லை, ஆய்வுகள் சிறியவை. சில நடத்தைவழி மையங்கள் குழந்தை வாயைத் திறக்கும்வரை கரண்டியை எடுக்காத முறையைக் கையாளுகின்றன. உள்ளே போகும் அளவு கூடுகிறது என்று அவர்கள் காட்டும் எண்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வெள்ளைக் கோட்டு அணிந்த பழைய புகட்டல்தான். ஐந்தாம் பகுதியில் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

9. இது பணக்கார வீட்டு வியாதியா?

ஏழை வீட்டில் இந்தக் குழந்தை இல்லையென்று சொல்பவர்கள் தேடிப் பார்த்தவர்கள் இல்லை. அங்கே அது ‘எடைக் குறைவு’ என்ற பெரிய பட்டியலில் கரைந்துபோகிறது. எல்லோருக்கும் கொடுக்கும் சத்துமாவு அதற்கும் கொடுக்கப்படுகிறது. அது அந்த மாவை வாயில் வைக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முட்டையும் சாம்பார் சாதமும் தட்டில் இருந்தும் பட்டினி கிடக்கும் ஒரு குழந்தை சத்துணவுக் கூடத்திலும் இருக்கலாம்.

தனியார் மையங்களின் கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாது என்பது உண்மை. பயிற்சியே இல்லாதவர்கள் பெயர்ப்பலகை மாட்டுவதும் நடக்கிறது. ஆனால் கட்டணம் அதிகம் என்பது சிகிச்சையைப் பொதுமருத்துவத்துக்குள் கொண்டுவருவதற்கான வாதம், சிகிச்சையே வேண்டாம் என்பதற்கான வாதம் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறியும் திட்டம். அதன்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கட்டடமும் பணியிடமும் உள்ள இடத்தில் பேச்சுச் சிகிச்சையாளருக்கு விழுங்கலிலும் உணவூட்டலிலும் கூடுதல் பயிற்சி தருவது கோடிகள் கேட்கும் வேலையில்லை.

அதற்கு முன்னாலேயே, காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பெற்றோர் ஒரு வாரத்துக்குக் குழந்தையின் வாய்க்குள் போனதை மட்டும், பழியின்றி, அப்படியே எழுதி எடுத்துப் போகலாம்: என்ன உணவு, எவ்வளவு, எந்தக் கடையினுடையது, ஊட்டியதா தானே தின்றதா, போன் இருந்ததா, இருமினானா, ஓங்கரித்தானா, எத்தனை டம்ளர் பால், எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம். மருத்துவர் எடை பார்ப்பதற்கு முன் அந்தத் தாளில் உள்ள உணவுகளை எண்ண வேண்டும். இருபதுக்குக் குறைவாக இருந்தாலோ, சென்ற ஆண்டு தின்றவை இப்போது பட்டியலில் இல்லை என்றாலோ, எடை எவ்வளவு இருந்தாலும் இரத்தப் பரிசோதனைக்கும் விழுங்கல் பரிசோதனைக்கும் எழுதித் தர வேண்டும். “பசித்தால் தின்னும்” என்று சொல்லி அனுப்பக் கூடாது.